லொறி வரும்வரைக்கும்

காத்தான்குடி
மே 4

அன்பின் மர்சூக் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்காகத் துஆச் செய்கிறோம். முழங்கால் வலி எப்படி? ஸஹீதா மதினி கொடுத்தனுப்பிய தைலத்தைப் பூசுகிறீர்களா, இல்லை அதுவும் அலுமாரிக்குள் தூங்குகிறதா?

போன வெள்ளிக்கிழமை போனில் நீங்கள் கத்திய கத்தலில் மதிலில் படுத்திருந்த பூனை குதித்து ஓடிவிட்டது. நானும் குறைவில்லாமல் கத்தினேன்தான். நாம் இரண்டு பேரும் போனில் கதைத்தால் மூன்றாம் வசனத்தில் சண்டை. ஆகவே பழையபடி கடிதம். றிப்ஷான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அது எனக்கு வசதி.

போனில் முழுவதும் கேட்காத விஷயத்தை இப்போது கேளுங்கள். பிரதேச செயலகத்தில் இருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. மலைநாட்டில் ஓர் இராணுவ முகாமில் பத்து நாள் பயிற்சி. யுத்தத்துக்கு இல்லை. சமாதானமாக இருக்கும்போதே நாட்டின் பாதுகாப்புக்கு ஊர்த் தலைவர்களை ஆயத்தப்படுத்துவதாம். புயல், வெள்ளம், கடல் பொங்குவது, தொற்று நோய், எது வந்தாலும் ஊரும் படையும் சேர்ந்து என்ன செய்வது என்று சொல்லித் தருவார்களாம். பள்ளிவாசல் தலைவர்கள், கோயில் தலைவர்கள், மீனவர் சங்கத்தார், மாதர் சங்கத்தார் என்று நம் மாவட்டத்தில் இருந்து சிலரை எடுத்திருக்கிறார்கள். நம் கடற்கரைப் பக்கத்துக்கு என் பெயர். பள்ளிவாசல் நிர்வாகமே கொடுத்ததாம். மாதர் சங்கத் தலைவி, கணக்கு டீச்சர், வாய் நீளம் என்று எனக்கு மூன்று தகுதி இருப்பதாக உங்கள் மச்சான் சொல்லிச் சிரிக்கிறார்.

உங்கள் கோபம் எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நம் மூத்தவர் பாஹிம் நானாவைப் பற்றி நம் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அதற்காக மறந்துவிட்டோமா? ஆனாலும் நானா, கடல் நம் பின்வாசலில் இருக்கிறது. நீங்கள் 'போ' என்று சொன்னால் நிம்மதியாகப் போவேன்.

உங்கள் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
தங்கச்சி ரிப்கா


கட்டார்
மே 29

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். முழங்கால் அதன் பாட்டில் இருக்கிறது. தைலம் பூசுகிறேன் என்று மதினியிடம் சொல். இங்கே வெயில் தொடங்கிவிட்டது, ஸ்டோருக்குள் இருப்பதால் தப்பிக்கிறேன்.

நீ போக வேண்டாம்.

இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். நீ ஏன் என்று கேட்காமல் விட மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

எங்களையும் அந்தக் காலத்தில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். பள்ளிவாசலில் வைத்துப் பெயர் பதிந்தார்கள். ஊர்க்காவல் படை. எனக்குப் பத்தொன்பது வயது, பாஹிம் நானாவுக்கு இருபத்திமூன்று. நீ அப்போது சின்னப் பிள்ளை. ஆளுக்கொரு துவக்கும் கொஞ்சம் தோட்டாவும் தந்து வாவிப் பக்கத்துக் காவலில் நிறுத்தினார்கள். பெயர் பதிய வந்த இராணுவப் பெரியவர் நல்லாகத்தான் கதைத்தார். "ஒண்டுக்கும் பயப்பட வேணாம். ஒரு சொல்லு அனுப்புங்க, வாகனம் வரும்" என்றார். 

வாகனம் வந்தது. எங்கள் காவலை அடித்த இரவு விடிந்து, மற்ற நாள் காலையில் வந்தது. அதில்தான் நானாவின் உடலை ஜனாஸாவாக ஏற்றினோம்.

உனக்கு அவர்கள் துவக்குத் தர மாட்டார்கள் என்று தெரியும். தொப்பியும் சான்றிதழும் தருவார்கள். சொல்கிற சொல் அதேதான். நம்பி நிற்பவன்தான் ஒவ்வொரு முறையும் வேறு ஆள்.

இதற்கு மேல் இந்தக் கதையை எடுக்காதே. பிள்ளைகளுக்குச் சலாம். மச்சானுக்கும் சொல்.

நானா
மர்சூக்


காத்தான்குடி
ஜூன் 24

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். நிஸ்றா பரீட்சைக்குப் படிக்கிறாள், உங்கள் மகள் என்பதற்கு அவளுடைய பிடிவாதம் ஒன்றே போதும்.

உங்கள் கடிதம் நான் பஸ் ஏறுகிற அன்று வந்தது. படித்தேன். முற்றத்தில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஏசுங்கள். நான் தலை குனிந்து கேட்கிறேன். ஆனால் போய் வந்த கதையையும் கேளுங்கள்.

மலைநாட்டுக் குளிரில் என் பல்லு தாளம் போட்டது. நம் பக்கத்து ஆட்களில் பழுகாமத்துக் கோயில் தலைவர் இளையதம்பி அண்ணன் வந்திருந்தார். வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர். யுத்த காலத்தில் வீட்டை விட்டுப் போன மகன் இன்னும் வரவில்லை. முதல் நாள் முகாம் வாசலில் அவரும் நானும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே காலடி எடுத்து வைக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. பிறகு அவர்தான் சொன்னார். "புள்ள, நான் இவங்களுக்காக வரல்ல. நாளைக்கு நம்மட புள்ளையளுக்கு ஒண்டு நடந்தா ஆரிட்டப் போய் நிக்கிறதெண்டு தெரிஞ்சிருக்கோணும். அதுக்குத்தான் வந்தன்." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே போனேன்.

பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். படகை எப்படிக் கட்டுவது, நோயாளியை எப்படித் தூக்குவது, ஆட்கள் பயந்து ஓடும்போது குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று எல்லாம் செய்து பழகினோம். நம் பக்கத்து முகாமுக்குப் பொறுப்பான மேஜர் விஜேகோன் என்றொருவர் எங்களோடுதான் இருந்தார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். எல்லோரும் ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்கள். நான் எழும்பினேன்.

"கூப்பிட்டா வருவீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

மொழிபெயர்க்கிற தம்பி அதைச் சிங்களத்தில் சொன்னார். மேஜர் யோசித்துவிட்டுச் சொன்னார். வர முடியாத நேரமும் வரலாம், பாலம் உடையலாம், வீதி மறிபடலாம், அதைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன் என்றார். முடியாவிட்டால் முடியாது என்று அந்த நிமிஷமே அறிவிப்பேன், நீங்கள் வேறு வழி பார்க்கலாம் என்றார். பிறகு மொழிபெயர்க்கிறவரை நிறுத்திவிட்டுத் தமிழில் தானே சொன்னார். "வாறம் எண்டு சொன்னா, வருவம்."

நானா, முடியாமலும் போகலாம் என்று முதலில் சொன்ன ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கோபம் ஆறினால் இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள் சொல் கேட்காத,
ரிப்கா


கட்டார்
ஆகஸ்ட் 2

ரிப்காவுக்கு,

சலாம். சுகம்.

ஊருக்கு லீவில் வருகிற ஒரு பெடியன் கையில் ஒரு பெட்டி வருகிறது. உள்ளே இருப்பது தண்ணீர் பட்டாலும் எரிகிற டோர்ச். விசிலும் இருக்கிறது. உனக்கில்லை. தெருப் பிள்ளைகளுக்கு.

கோபம் ஆறவில்லை.

மர்சூக்


காத்தான்குடி
ஆகஸ்ட் 20

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். பெட்டி வந்து சேர்ந்தது. தெருப் பிள்ளைகள் நாள் முழுக்க விசில் ஊதி, பாங்கு சொல்கிற மோதினாருக்குத் தலையிடி வந்துவிட்டது. கோபத்தில் இப்படி என்றால் நீங்கள் சந்தோஷத்தில் என்ன அனுப்புவீர்களோ!

நம் முதல் ஒத்திகை முடிந்தது. அதை எழுதுவதற்கு எனக்கு வெட்கம். எழுதாவிட்டாலும் இங்கிருந்து வருகிறவர்கள் கூட்டிச் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கடல் பொங்கினால் கடற்கரைத் தெருக்களில் இருக்கிறவர்கள் எல்லோரும் பிரதான வீதியில் இருக்கிற மாடிப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். இதுதான் திட்டம். எப்படி அறிவிப்பது என்று முகாமில் கேட்டபோது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறதே என்று நான்தான் பெரிய ஆளாகச் சொன்னேன். எல்லோரும் நல்லது என்றார்கள். வீடு வீடாகத் துண்டுப் பிரசுரமும் கொடுத்தோம்.

சனிக்கிழமை காலை. மேஜர் விஜேகோன் மாடிப் பள்ளிக்கூட வாசலில் கையில் மணிக்கூட்டோடு நிற்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன். நம் அப்துல் கபூர் மோதினார் ஒலிபெருக்கியைத் தட்டுகிறார். தொழுகை நேரமில்லாத நேரத்தில் அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால் நம் ஊரில் யாரோ இறந்துவிட்டார் என்றுதான் அர்த்தம், உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? போதாக்குறைக்குப் பழக்க தோஷத்தில் அவர் "இன்னாலில்லாஹி" என்று தொடங்கிவிட்டார். சட்டென்று நிறுத்தி, "மாதர் சங்கத் தலைவி ரிப்கா டீச்சர்..." என்று அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினார்.

அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் நின்று நின்று பார்க்கிறோம், மாடிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குஞ்சு குருமானும் வரவில்லை. பிறகு என் போன் அடித்தது. உங்கள் மச்சான். கடையில் இருந்து அழுதுகொண்டே எடுக்கிறார். என் குரலைக் கேட்டதும், "நீ... நீதானா கதைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு இன்னும் கூட அழுதார். நான் வீட்டுக்கு ஓடினேன். தெரு முழுக்கச் சனம். ஆண்கள் தொப்பியோடு வாசலில் நிற்கிறார்கள். குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். பள்ளிவாசலில் இருந்து ஜனாஸா தூக்குகிற சந்தூக்குப் பெட்டி வந்து முற்றத்தில் இருக்கிறது. உள்ளே பெண்கள் யாசீன் ஓதுகிறார்கள். மதினி என் அலுமாரியைத் திறந்து வெள்ளைத் துணி தேடுகிறார். நான் வாசலில் வந்து நின்றதும் கடைசி ஒழுங்கைப் பஸ்னா ஒரு கத்துக் கத்தினாள், அந்தச் சத்தம் வாவிக் கரைக்குக் கேட்டிருக்கும்.

மேஜர் சிரிக்கவில்லை, நானா. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். அடுத்த முறை பார்ப்போம் மேடம் என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறிப் போனார். ஊரெல்லாம் என்னை "மௌத்தாகித் திரும்பிய டீச்சர்" என்கிறார்கள். நான் இந்த வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

உங்கள்,
உயிரோடிருக்கும் ரிப்கா


கட்டார்
செப்டம்பர் 11

அன்புத் தங்கச்சி ரிப்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். உன் கடிதத்தை ஸ்டோரில் இருந்து படித்துச் சிரித்ததில் எங்கள் சூப்பர்வைசர் எனக்குச் சுகமில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். இங்கே நம் ஊர்ப் பெடியன்களுக்கும் படித்துக் காட்டினேன். மன்னித்துக்கொள். பல வருஷத்துக்குப் பிறகு இந்த அறையில் அப்படிச் சிரிப்புக் கேட்டது.

சிரித்து முடிந்த பிறகு ஒரு யோசனை வந்தது. உனக்கு உதவுவதாக நினைக்காதே. யோசனை வந்தது, எழுதுகிறேன்.

நீ மௌத்து என்று நினைத்து எவ்வளவு சனம் வந்தது? எவ்வளவு கெதியாக வந்தது? யாராவது அவர்களைக் கூப்பிட்டார்களா, வாகனம் அனுப்பினார்களா? குழி வெட்டுகிறவன் தானாக வந்தான். சந்தூக்குத் தூக்குகிறவன் தானாக வந்தான். பிள்ளைகளைப் பார்க்க யார், தேத்தண்ணி வைக்க யார், தூரத்துச் சொந்தத்துக்குச் சொல்ல யார் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு தெருவிலும் அந்தந்த வேலைக்கு ஆள் இருக்கிறது, வாப்பா காலத்தில் இருந்தே இருக்கிறது. அவ்வளவு பேரும் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிழை விட்டது சனமில்லை. வாசல்தான் பிழை. வாசலை மாற்று.

வேலையை விடாதே. தொடங்கிவிட்டுப் பாதியில் விடுவதற்கா என் சொல்லை மீறிப் போனாய்?

மச்சான் அழுததை மறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். ஊருக்கு வந்தால் அதை வைத்து ஒரு மாதம் பகிடி பண்ணுவேன்.

நானா


காத்தான்குடி
ஒக்டோபர் 15

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழை இருட்டத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் சின்னத் தடிமன், மற்றபடி சுகம். உங்கள் முழங்காலுக்குக் குளிர் காலத்தில் கம்பளித் துண்டு சுற்றுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பள்ளி நிர்வாகத்தில் வாசித்தேன், யார் எழுதியது என்று சொல்லாமல். தலைவர் எழும்பி வந்து கடிதத்தை வாங்கித் தானும் ஒரு முறை வாசித்தார். "இது மர்சூக்கிட எழுத்துத்தானே" என்றார். பிடிபட்டுப் போனோம் நானா. இனி நீங்களும் எங்களோடு சேர்ந்த ஆள்தான்.

ஜனாஸாவுக்கு இறங்குகிற ஆட்களைத் தெருத் தெருவாக அப்படியே வைத்துக்கொண்டோம். சந்தூக்குத் தூக்குகிறவர்கள் நடக்க முடியாதவர்களைத் தூக்குவார்கள். சொல்லப் போகிறவர்கள் கதவு தட்டுவார்கள். மையித்துக் குளிப்பாட்டுகிற பெண்கள் இருக்கிறார்களே, எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நோயாளி என்று அவர்களுக்குத் தெரியாத அறை இல்லை. அவர்கள் அந்த வீடுகளைப் பொறுப்பெடுத்தார்கள். ஒரு சங்கடம் மட்டும் வந்தது. மௌத்து என்று பொய்யாக அறிவிப்பது கூடாது என்று மௌலவி சொன்னார். அது நியாயம்தானே. கடைசியில் மோதினார்தான் வசனத்தைக் கட்டினார். "இது ஜனாஸா அறிவித்தல் அல்ல. ஆனால் ஜனாஸாவுக்கு வருவதைப் போல எல்லோரும் மாடிப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்."

இரண்டாம் ஒத்திகையில் கடற்கரைத் தெருக்கள் காலியாகிவிட்டன. மேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் மணிக்கூட்டைப் பார்த்தார். அன்றைக்குப் பின்னேரம் அவர் பள்ளிவாசலுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சந்தூக்குத் தூக்குகிற பெடியன்களோடு பாயில் இருந்து ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினார். அவர் பெரிய ஆள்தான் நானா. இளையதம்பி அண்ணனும் பழுகாமத்தில் இருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர்களுடைய ஊரில் மரண வீட்டுக்குப் பறை அடிக்கிற முறை இருக்கிறது, அதை வைத்துச் செய்யலாமா என்று யோசிக்கிறார்.

ஒரு வீடு மட்டும் மிச்சம். பஸ்னாவின் வீடு. அவளுடைய கணவர் மின்ஹாஜ் சவூதியில் கட்டடச் சாரத்தில் இருந்து விழுந்தது உங்களுக்குத் தெரியும். முதுகில் கம்பி. கைகளால் தூக்கக் கூடாது, பலகைபோல நேராகப் படுக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. சந்தூக்கில் வைத்து எடுக்கலாம் என்று பெடியன்கள் சொன்னதற்கு, "உயிரோட சந்தூக்குல ஏறமாட்டன், ஏறினா பிறகு இறக்கமாட்டீங்க" என்று அவர் சத்தம் போட்டார். கடைசி ஒழுங்கை, மணல், ஓட்டோ புதையும். இராணுவத்தின் பெரிய லொறியும் அவர்களுடைய தூக்குப் படுக்கையும்தான் வழி. மேஜர் "வாறம்" என்றார்.

பஸ்னா என் கையைப் பிடித்துக் கேட்டாள், லொறி வருமா டீச்சர் என்று. வரும் என்றேன்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்கா


கட்டார்
நவம்பர் 3

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சுகம். கம்பளித் துண்டு சுற்றுகிறேன்.

நீ செய்திருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இங்கே எல்லோரிடமும் சொல்கிறேன். உனக்குத்தான் இவ்வளவு நாளும் எழுதவில்லை.

ஆனால் உன் கடைசி வரி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. வரும் என்று நீ ஏன் சொன்னாய்? அவர் சொன்னால் அது அவருடைய வாக்கு. நீ சொன்னால் உன் வாக்கு.

இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லாததை எழுதுகிறேன். அன்றைக்குப் பின்னேரமே நாங்கள் ஆபத்தைக் கண்டுகொண்டோம். பாஹிம் நானா மூன்று முறை ஆள் அனுப்பினார். மூன்று முறையும் "வாகனம் வெளிக்கிட்டுவிட்டது" என்றுதான் பதில் வந்தது. வராது என்று சொல்லியிருந்தால் நாங்கள் விட்டுவிட்டு ஊருக்குள் வந்திருப்போம். வெளிக்கிட்டது என்றதால் நின்றோம். என்னைக் கடைசியாக அனுப்பியபோது நானா சொன்னார், "நீ போ மனே, நான் வாகனத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறன்." அதனால் நான் இருக்கிறேன்.

மற்ற நாள் அந்தப் பெரியவர் வந்தார். மிச்சம் கவலை என்றார். எனக்கு அந்த ஆளில் கோபம் வாகனம் வராததற்காக இல்லை ரிப்கா. வாக்குக் கொடுத்தவர் அங்கே நிற்கவில்லை. வாக்கை நம்பினவர்கள் மட்டும்தான் அங்கே நின்றார்கள்.

வாக்கை வாங்கு, கொடுக்காதே. கொடுத்ததைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்.

எல்லோருக்கும் சலாம்.

மர்சூக்


காத்தான்குடி
டிசம்பர் 1

அன்பின் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் சொன்னதுபோல எல்லோரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். வலையமைப்பு அறுந்து அறுந்து நீங்கள் பாதிதான் கேட்டிருப்பீர்கள்.

காற்று வரப் போகிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு கடல் வேலியைத் தாண்டத் தொடங்கியது. மோதினார் தட்டினார். "இது ஜனாஸா அறிவித்தல் அல்ல" என்று அவர் சொன்ன குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கதவுகள் திறந்தன, நானா. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. ஸஹீதா மதினி அரிசி மூட்டையை எடுக்கப் பார்த்தார், நிஸ்றா இழுத்துக்கொண்டு போனாள். உங்கள் டோர்ச் எல்லாப் பிள்ளைகளின் கழுத்திலும் தொங்கியது. பின்னேர அஸருக்கு முன்னே கடற்கரைத் தெருக்களில் ஆளில்லை. பிறகு தண்ணீர் வந்தது. பதினெட்டு வீடு போய்விட்டது. ஓர் உயிர் போகவில்லை.

மின்ஹாஜும் பஸ்னாவும் சுகம். லொறி வந்தது.

உங்கள் வீட்டுச் சமையலறை ஓடு கொஞ்சம் கழன்றிருக்கிறது, மச்சான் பார்த்துக்கொள்வார். எனக்குச் சின்னத் தடிமன்.

அன்புடன்,
ரிப்கா


காத்தான்குடி
டிசம்பர் 4

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம். மாமியின் கடிதம் இஷாம் மாமாவிடம் இருக்கிறது. அவர் நாளைக்குக் கட்டாருக்குப் போகிறார். அதோடு இதையும் மாமிக்குத் தெரியாமல் வைக்கிறேன். மாமி எல்லாவற்றையும் எழுதியிருக்க மாட்டார்.

நாங்கள் மாடிப் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எல்லோரையும் பார்த்தோம், மாமியைக் காணவில்லை. மாமா திரும்பிப் போகப் பார்த்தார், அவரைப் பிடித்து வைத்தார்கள். மாமி பஸ்னா ராத்தா வீட்டில் இருந்தார், வாப்பா. லொறி வரும்வரை அவர்களோடு இருப்பேன் என்று போனவர்.

வீதியில் மரம் விழுந்து லொறி சுணங்கிவிட்டது. மாமியின் போனும் நனைந்துவிட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் இரண்டு பேருமாகக் கட்டிலுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினார்களாம். பிறகு கட்டிலையும் தொட்டதாம். பஸ்னா ராத்தா அழுது, நீங்க போங்க டீச்சர், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கு என்று கெஞ்சினாராம். மாமி சொன்னதை ராத்தா எங்களுக்கு அப்படியே சொன்னார். "வரும் எண்டு சொன்னவ நான். வரல்லயெண்டா, அதப் பாக்கிறதுக்கும் நான் இஞ்ச இருக்கோணும்."

லொறி ஒழுங்கை வாயில் நின்றுவிட்டது, உள்ளே வர முடியவில்லை. மேஜர்தான் முதலில் இறங்கினார். நெஞ்சளவு தண்ணீர். பின்னால் படைக்காரர்களும் நம் சந்தூக்கு நானாமாரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூக்குப் படுக்கையோடு வந்தார்கள். மேஜர் வழி நெடுக, "வாறம், மேடம், வாறம்" என்று கத்திக்கொண்டே வந்தாராம். மின்ஹாஜ் மாமாவை ஏற்றியதும், "இது சந்தூக்கு இல்லத்தானே" என்று அவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் அந்தத் தண்ணீருக்குள் நின்று சிரித்தார்களாம்.

மாமி பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது உதடு நீலமாக இருந்தது. மூன்று நாள் காய்ச்சல். தடிமன் என்று எழுதியிருப்பார். உடுப்பு மாற்றும்போது மாமியின் சட்டைக்குள் பொலித்தீன் பையில் சுற்றி உங்கள் கடிதம் ஒன்று இருந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மாமியை ஏச வேண்டாம் வாப்பா.

உங்கள் மகள்
நிஸ்றா


கட்டார்
டிசம்பர் 22

என் அன்புத் தங்கச்சி ரிப்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் காய்ச்சல் எப்படி? தடிமன் என்று எழுதியவளே, காய்ச்சல் எப்படி என்று கேட்கிறேன். யார் சொன்னது என்று தேடாதே.

ஏச வேண்டாம் என்று எனக்குச் சிபாரிசு வந்திருக்கிறது. அதனால் ஏசவில்லை. முதலில் மூன்று பக்கம் ஏசி எழுதினேன், கிழித்துவிட்டேன். நீ அந்த வீட்டில் நின்றதற்குக் காரணம் நான் எழுதிய கடிதம் என்று எனக்குத் தெரியும். வாக்கைத் திருப்பி வாங்கு என்று சொல்லத்தான் அதை எழுதினேன். நீ அதில் வேறொன்றைப் படித்திருக்கிறாய். கணக்கு டீச்சருக்கு விடை வேறு மாதிரி வந்துவிட்டது.

'லொறி வந்தது' என்று நீ இரண்டே சொல்லில் எழுதியிருந்தாய். அந்த இடத்துக்கு வந்ததும் நான் கடிதத்தை மடித்துவிட்டுப் போய்க் கை கால் கழுவி வுழூச் செய்து தொழுதேன். தொழுது முடித்து அழுதேன். என்னோடு அறையில் இருக்கிறவர்கள் ஊரில் யாருக்கோ மௌத்து என்று நினைத்து வந்து பக்கத்தில் இருந்தார்கள். இல்லை, வாகனம் வந்துவிட்டது என்று சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தவும் இல்லை.

மேஜருக்கு என் சலாத்தைச் சொல். எந்த வயதிலும் ஒரு மனிதனுடைய கோபத்தை ஆற்றலாம் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும், நீயே சொல்லிவிடு. இளையதம்பி அண்ணனையும் ஒரு நாள் நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. நான் வந்த பிறகு கூப்பிடு.

ஓம், வருகிறேன். கணக்கு முடித்துத் தரச் சொல்லிக் கம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நோன்புக்கு முன்னே ஊரில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். மதினிக்கு நானே போனில் சொல்லுவேன், நீ முந்திக்கொள்ளாதே.

முழங்காலை வைத்துக்கொண்டு என்னால் சந்தூக்குத் தூக்க முடியாது. கதவு தட்ட முடியும். லொறி வரும்வரைக்கும் ஒரு வீட்டில் இருக்க முடியும். எனக்கு எந்தத் தெருவைத் தருவாய் என்று எழுது.

உன் நானா
மர்சூக்